கல்மண்டபத்தில் ஒரு கறுப்புத் திரை

ஞாயிற்றுக்கிழமை. ராயபுரம் மாதா கோயிலில் இரண்டாம் பூசை முடிந்து ஜனம் கலைந்துகொண்டிருந்தது. ரயில்வே போலீஸ் சப்-இன்ஸ்பெக்டர் ஜூடியின் போன் அடித்தது. அண்ணன் சாவியோ.

"ஒடனே வூட்டுக்கு வா. ஜெயவேலு மேல கேஸ் போடணும்."

ஜூடி முக்காட்டை மடித்துப் பைக்குள் வைத்தாள். ஜெயவேல் மேல் கேஸா?

இருபது வருஷத்துக்கு முன்னால் அண்ணனும் ஜெயவேலும் சேர்ந்து கல்மண்டபத்தில் பிரவுசிங் சென்டர் நடத்தினார்கள். கப்பலுக்குப் போன புருஷன்மார் முகத்தைக் கம்ப்யூட்டரில் பார்க்க, பெண்கள் பிள்ளைகளை இடுப்பில் வைத்துக்கொண்டு காத்திருப்பார்கள். படம் பாதியில் உறைந்துவிடும். உறைந்த முகத்தோடே பேசிவிட்டுப் போவார்கள். கடை சாத்தியதும் நண்பர்கள் இருவரும் கம்ப்யூட்டரில் கார் ரேஸ் ஆட உட்கார்ந்துவிடுவார்கள். ஜூடி போலீஸ் வேலைக்கு விண்ணப்பித்ததும் அங்கிருந்துதான். பிறகு எல்லார் கையிலும் செல்போன் வந்தது, கடை போயிற்று. சாவியோ துறைமுகத்தில் கிரேன் ஓட்டப் போனான். ஜெயவேல் திருவொற்றியூரில் கம்ப்யூட்டர் கடை வைத்தான்.

கல்மண்டபம் வீட்டில் அண்ணனின் புதுக் கம்ப்யூட்டர் மேசைமேல் நிமிர்ந்து நின்றது. திரை கறுப்பு.

"இன்னா ஆச்சு? மொதல்லேர்ந்து சொல்லு."

"நேத்து ஜெயவேலு கடையில மாட்டிக் குடுத்தான். அங்க சூப்பரா ஓடுச்சு. வூட்டுக்கு எடுத்தாந்தா, படம் காட்டுற கிராபிக்ஸ் கார்டு வேலை செய்யல. நல்ல கார்டை உருவிக்கினு செத்த கார்டை சொருகிட்டான்."

"கார்டுதான் கோளாறுன்னு எப்பிடித் தெரியும்?"

சாவியோ திரையின் வயரைக் கார்டிலிருந்து பிடுங்கி, கம்ப்யூட்டர் பெட்டியின் பின்பக்கம் கார்டோடு சேராத இன்னொரு இடத்தில் செருகினான். படம் வந்தது. மறுபடி கார்டில் செருகினான். கறுப்பு. ஆக, திரையிலும் வயரிலும் குற்றமில்லை.

"அவர்கிட்ட கேட்டியா?"

"கேட்டேன். திருடன்னேன். போனை வெச்சிட்டான்."

ஜூடி கார்டு வந்த அட்டைப்பெட்டியை வாங்கினாள். கம்ப்யூட்டரின் பக்கவாட்டு மூடியைக் கழற்றி, அட்டைப்பெட்டியில் இருந்த எண்ணையும் கார்டில் ஒட்டியிருந்த எண்ணையும் ஒப்பிட்டாள். இரண்டும் ஒன்றே.

"யாரும் மாத்தலண்ணா. அதே கார்டுதான். கடையில எப்பிடி வெச்சு ஓட்டினாரு?"

"மேசை மேல படுக்கப் போட்டு, மூடியைத் தொறந்து வெச்சுக்கினு."

"இங்க வந்ததும் ஆன் பண்ணியா?"

"இல்ல. நம்ம சென்டர் ஹார்ட் டிஸ்க் ஒண்ணு கெடந்துச்சு. பழைய போட்டோல்லாம் அதுலதான் கீது. அத்த மாட்டி, நிமித்தி வெச்சுட்டு ஆன் பண்ணேன்."

"வேற எதையாச்சும் தொட்டியா?"

"எதையும் தொடல."

ஜூடி போன் வெளிச்சத்தை உள்ளே அடித்தாள். ஹார்ட் டிஸ்க்கை நாலு ஸ்க்ரூ பிடித்திருந்தன. இரண்டு கடல்காற்றில் துருவேறியவை. இரண்டு பளபளவென்று புதியவை. அவள் அவற்றையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு கம்ப்யூட்டரை அணைத்து, மெல்லச் சாய்த்துப் படுக்கவைத்து மறுபடி போட்டாள்.

திரையில் படம் வந்தது.

அணைத்து, நிமிர்த்திப் போட்டாள். கறுப்பு.

"ஆளு கெடைச்சிட்டாண்ணா."

"யாரு?"

"நீதான். ஹார்ட் டிஸ்க்குக்கு ரெண்டு ஸ்க்ரூ பத்தல. எங்கேர்ந்து எடுத்த?"

சாவியோ தலையைச் சொறிந்தான். "பின்னாடி ரெண்டு இருந்துச்சு. சும்மா கெடக்குதுன்னு..."

"சும்மா கெடக்கல. கார்டைப் புடிச்சுகினு இருந்ததே அதுங்கதான். கார்டு நல்ல கனம். பெட்டியைப் படுக்க வெச்சா அது நேரா நின்னு ஒழுங்கா ஒக்காந்துக்கும். பெட்டி நிமிர்ந்தா கார்டு தொங்கும். தொங்குனா ஒரு முனை சொருகின எடத்துலேர்ந்து கெளம்பிடும். புது ஸ்க்ரூ ரெண்டும் பழைய டிஸ்க்குல எப்பிடி வந்துச்சுன்னு பாத்தேன், தெரிஞ்சுடுச்சு."

ஸ்க்ரூ இரண்டையும் கழற்றிக் கார்டுக்கே போட்டு முடுக்கினாள். நிமிர்ந்து நின்ற கம்ப்யூட்டரில் படம் வந்தது. சாவியோ அதைப் பார்க்கவில்லை.

"இத்த இன்னாத்துக்கு வாங்கினேன் தெரியுமா? அவனும் நானும் மறுபடி ரேஸ் ஆடலாம்னுதான்."

போனை எடுத்தான். ஜூடி அதைப் பிடுங்கி மேசையில் வைத்தாள்.

"திட்டினதும் போன்ல, மன்னிப்பும் போன்லயா? வண்டியை எடு."

கன்டெய்னர் லாரிகளுக்கு நடுவே ஊர்ந்து திருவொற்றியூர் போய்ச் சேர்ந்தார்கள். ஜெயவேல் ஒரு லேப்டாப்பைப் பிரித்துவைத்து வேலை பார்த்துக்கொண்டிருந்தான். நிமிரவில்லை.

"கார்டு ஓடுது," என்றான் சாவியோ.

"தெரியும். நான் போட்டது."

"ஸ்க்ரூவைக் கழட்டினவன் நான்தான். மன்னிச்சுக்க மாமு."

ஜெயவேல் கையிலிருந்ததை வைத்தான். "நீ திருடன்னு சொன்னப்ப போன் ஸ்பீக்கர்ல இருந்துச்சு. என் பொண்ணு பக்கத்துல ஒக்காந்துகினு இருந்தா."

சாவியோ கடையை ஒட்டிய சந்துப் பக்கம் பார்த்தான்.

"வூட்லதான் கீறாளா?"

"கீறா."

"அவகிட்டயும் சொல்லணும். கூட்டிகினு போ."

ஜெயவேல் எழுந்து சந்துக்குள் நடந்தான். சாவியோ பின்னாலேயே போனான். ஜூடி வண்டியருகே நின்றுகொண்டாள். முன்னும் பின்னுமாய் நடந்த இருவருக்கும் நடுவே ஒரு மாட்டுவண்டி நீளத்துக்கு இடைவெளி இருந்தது. முனை திரும்பும் இடத்தில், சாவியோ வந்து சேர ஜெயவேல் நடையைக் குறைத்துக்கொண்டதை அவள் பார்த்தாள்.