மெயினுக்கு முன்னால் ஒரு வயர்

மலாக்காவில், டுரியான் துங்காலில் அந்த வீட்டு வாசலில் வேனை நிறுத்தியபோது காலை பத்து மணி இருக்கும். வாசலில் புத்தம் புதிய மின்சாரக் கார் ஒன்று நின்றது. அதைப் பார்த்ததுமே எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. வீட்டுக்குள் போகிற வயர் இருபத்தைந்து வருஷத்துக் கிழம், அதில் காருக்குச் சார்ஜ் ஏற்ற ஆசை! என் தொழிலில் தினமும் பார்க்கிற கூத்து இது. தரைக்கு மார்பிள் போடுவார்கள், கேட்டுக்குத் தங்கக் கலரில் பெயின்ட் அடிப்பார்கள், சுவருக்குள் என்ன ஓடுகிறது என்று மட்டும் ஒருவரும் கேட்க மாட்டார்கள்.

என் பெயர் தங்கையா. பக்கத்து ஊரான செங்கில் வீடு, வயர்மேன் வேலை. நடுவில் இருபத்திரண்டு வருஷம் ஜொகூரில் இருந்துவிட்டு இப்போதுதான் ஊர் திரும்பியிருக்கிறேன். பேய், ஆவி என்று யாராவது ஆரம்பித்தால் தேநீரைப் பாதியில் வைத்துவிட்டு எழுந்து போகிற ஆள் நான். அந்தப் பேச்சைப் பேசுகிறவர்களை எனக்குப் பிடிக்காது. இப்போது நானே பேசுகிறேன், அதனால் என்னையும் பிடிக்கவில்லை.

வீட்டுக்காரர் தனபாலன், தொழிற்சாலையில் சூப்பர்வைசர். வீட்டிலும் சூப்பர்வைசராகவே பேசினார்.

"மூணு ரூமுக்கும் ஏர்கோன் அண்ணே. கிச்சன்ல கரண்டு அடுப்பு. வெளிய கார் சார்ஜர். எல்லாம் ஒரே நேரத்துல ஓடணும், டிரிப் ஆவக்கூடாது லா."

"அப்போ பழைய பாக்ஸ தூக்கிப் போட்டுட்டு த்ரீ பேஸ் இழுக்கணும். வயரும் மொத்தமா மாத்தணும்."

"மாத்துங்க. இந்த வீட்டுல பழசு எதுவும் எனக்கு வேணாம்."

சொல்லும்போது அவர் கண் சமையலறைக்குப் பின்பக்கம் போனது. அங்கே ஜன்னல் இல்லாத சிறிய அறையில், கட்டிலில், எண்பது வயது மதிக்கத்தக்க பெரியவர் ஒருவர் இருட்டில் உட்கார்ந்திருந்தார். விளக்குச் சுவிட்ச் அவர் கைக்கு எட்டும் தூரத்தில்தான் இருந்தது.

"அப்பாவா?" என்றேன்.

"அந்த ஆளுதான்," என்று சொல்லிவிட்டுத் தனபாலன் வேலைக்குக் கிளம்பினார்.

அப்பனை 'அந்த ஆளு' என்று சொல்கிற மகன்களை நிறையப் பார்த்திருக்கிறேன். ஏர்கோனுக்கு அலைகிற ஜாதி, வேறெப்படி இருக்கும் என்று நினைத்துக்கொண்டு வேலையைத் தொடங்கினேன்.

வீட்டுக் கரண்டு முழுவதையும் நிறுத்துகிற மெயின் சுவிட்சை அடைத்தேன். மின்விசிறி நின்றது. பிரிட்ஜ் ஒரு முனகலோடு அடங்கியது. ஜன்னல்களையெல்லாம் ஏர்கோனுக்காக ஏற்கெனவே அடைத்து வைத்திருந்ததால் ஹால் பட்டப்பகலிலேயே இருண்டு போனது.

முழுக்க இருளவில்லை.

சாமி மேடையில் ஒரு சிவப்பு பல்பு எரிந்துகொண்டிருந்தது.

பித்தளைத் தாங்கி, இரண்டு பக்கமும் இரண்டு பல்பு. வலப்பக்கத்து பல்பு எரிந்தது. இடப்பக்கத்து பல்பு உள்ளே கரிந்து, கறுத்துப் போயிருந்தது. மெயினை மறுபடி பார்த்தேன், அடைத்துத்தான் இருந்தது.

தனபாலனின் மனைவி பவானேஸ்வரி தேநீரோடு வந்தாள். என் முகத்தைப் பார்த்துவிட்டு மெதுவாகச் சொன்னாள். "அது அப்படித்தாண்ணே. இடி இடிச்சு வீடே டிரிப் ஆனாலும் அது அணையாது. செத்துப்போன எங்க அத்தை எரிய வைக்கிறாங்கன்னு மாமா சொல்வாரு."

நான் வாய்விட்டுச் சிரித்தேன்.

"அத்தையும் இல்ல, சித்தியும் இல்ல தங்கச்சி. சாமி லைட்டு அணைஞ்சா கெட்ட சகுனம்னு நம்ம ஆளுங்க பயப்படுவாங்க பாரு, அதுக்காக எவனோ ஒரு அரைவேக்காடு மெயினுக்கு முன்னாலயே தனியா வயர் இழுத்து விட்டிருக்கான். மெயின அடச்சாலும் இதுல கரண்டு இருக்கும். இவன மாதிரி ஆளுங்களாலதான் மனுஷன் சாவறான்."

அவள் தேநீர்த் தட்டைக் கீழே வைத்தாள்.

"மெயின அடச்சாலும் கரண்டு இருக்குமா?"

"இருக்கும் லா. தொட்டா தூக்கிடும்."

அவள் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். பிறகு சொன்னாள். இருபது வருஷத்துக்கு முன், தீபாவளிக்கு முதல் நாள் சாயங்காலம், அவள் மாமியார் முத்தாயி இரண்டு பல்பையும் கழற்றிவிட்டு, சாமி மேடையைத் துடைத்துப் புது பல்பு மாட்டப் போனார். கணவர் தம்புசாமியை மெயினை அடைக்கச் சொன்னார். அடைத்துவிட்டேன் என்று அவர் குரல் கொடுத்தார். முத்தாயி மஞ்சள் தண்ணீரில் நனைத்த துணியோடு இடப்பக்கத்துத் தாங்கிக்குள் விரலை விட்டார். அலறல் கேட்டு அக்கம்பக்கத்தார் ஓடி வந்தபோது வீடு இருட்டாக இருந்ததாம். அவர்களில் யாரோ வெளிச்சத்துக்காக மெயினைத் திறந்து கரண்டை விட்டார்கள் என்பது தம்புசாமி சொல்வது; திறந்தது நான்தான் என்று யாரும் ஒத்துக்கொள்ளவில்லை. தனபாலன் வந்து பார்த்தபோது அம்மா தரையில் கிடந்தார், மெயின் திறந்திருந்தது.

"மாமா அடச்சேன்னுதான் இன்னைக்கு வரைக்கும் சொல்றாரு. இவரு நம்பல. அம்மாவக் கொன்னுட்டுப் பொய் சொல்றாருன்னு இருவது வருஷமா மாமாகிட்ட ஒரு வார்த்த பேசல. மாமாவும் அதுக்கப்புறம் எந்தச் சுவிட்சையும் தொடறதில்ல. நான் போய் லைட்டு போட்டாத்தான் உண்டு." அவள் கண் கலங்கியது. "அண்ணே, மேல ஏறிப் பாருங்க. வயரு அப்படித்தான் இருக்குன்னு நீங்க சொன்னா இவரு நம்புவாரு. மாமா சாவறதுக்குள்ள ஒரு தடவ 'அப்பா'ன்னு கூப்பிடுவாரு."

அந்த வயர் இழுத்த முட்டாளின் மேல் எனக்கு உண்மையாகவே கோபம் வந்தது. "சொல்றேன். அவன் பேரு கிடைச்சா அதையும் சேத்துச் சொல்றேன்," என்று பெருமையாகச் சொல்லிவிட்டு ஏணியைச் சாத்தினேன்.

சீலிங்குக்குள் சூடு முகத்தில் அறைந்தது. எலிப் புழுக்கை நாற்றம். தகரக் கூரை வெயிலில் படபடவென்று விரிந்தது. முட்டி போட்டு ஊர்ந்து, மீட்டரிலிருந்து வரும் பெரிய வயரை டார்ச் வெளிச்சத்தில் தொடர்ந்து போனேன். நடுவில் ஒரு முடிச்சு. அதிலிருந்து மெல்லிய வயர் ஒன்று பிரிந்து சாமி மேடைப் பக்கம் இறங்கியது.

"மாட்டிக்கிட்டியா, கழிசடை," என்றேன்.

பக்கத்தில் போய் வெளிச்சத்தைக் காட்டினேன். ஒட்டிய டேப்பின் மேல் மீன் பிடிக்கிற நைலான் நூல் சுற்றி, இரட்டை முடிச்சுப் போட்டிருந்தது.

டார்ச்சை இன்னும் பக்கத்தில் கொண்டு போனேன்.

சீலிங் சூட்டில் டேப் பசை இளகிக் கழன்றுவிடும் என்று அதன் மேல் நைலான் நூல் கட்டுகிற பைத்தியம் இந்த மலாக்காவிலேயே ஒருவனுக்குத்தான் உண்டு. இன்றைக்கும் அப்படித்தான் கட்டுகிறேன்.

அப்போது எனக்கு எல்லாம் ஞாபகம் வந்தது. ரப்பர் தோட்டத்தை விற்றபோது அங்கிருந்த ஜனங்களுக்குக் கட்டிக் கொடுத்த தாமான் குடியிருப்பு இது. ஒரே அச்சில் அறுபது வீடு, ஒரே மாசத்தில் வயரிங். அதில் ஒரு வீட்டு அம்மா மட்டும் எனக்குத் தோசை வைத்துக்கொண்டே கேட்டார், இடி இடித்தாலும் சாமி லைட்டு அணையாமல் பண்ணிக் கொடு தம்பி என்று. வீட்டுக்கு வீடு முன்பக்கம் இடித்துக் கட்டி, டைல்ஸ் ஒட்டித் தாமானின் அடையாளமே மாறிப் போயிருந்தது. என் வாயிலிருந்து அன்று வந்த பதில் மட்டும் மாறாமல் காதில் நின்றது.

'கவலப்படாதீங்க அக்கா. மெயினையே அடச்சாலும் இது அணையாது.'

சீலிங்கின் மறுகோடியில் ஏதோ கேட்டது.

கீச்.

ஈரத் துணியால் கண்ணாடியைத் துடைக்கிற சத்தம்.

கீச். கீச்.

டார்ச்சைத் திருப்பினேன். ஒன்றுமில்லை. விபூதியும் ஈரத் துணியும் கலந்த வாசம் மட்டும் எலி நாற்றத்தை மீறி வந்தது. சத்தம் கொஞ்சம் நெருங்கியிருந்தது.

என் பிடரியில் ஒரு சொட்டுத் தண்ணீர் விழுந்தது. தொட்டுப் பார்த்தேன். விரல் மஞ்சளாக இருந்தது.

என் காதுக்கு மிக அருகில், சமையலறையில் பேசுகிற சாதாரணக் குரலில், ஒரு பெண் கேட்டாள்.

"அடச்சாச்சா தம்பி? தொடலாமா?"

நான் என்ன செய்திருக்க வேண்டும் என்று எனக்குத் தெரியும். இறங்கிப் போய், அந்த முட்டாள் நான்தான் என்று சொல்லியிருக்க வேண்டும். நான் செய்தது வேறு. இடுக்கியை எடுத்து அந்த வயரை வெட்டினேன். என் முடிச்சைப் பிய்த்துச் சட்டைப் பைக்குள் போட்டுக்கொண்டேன். லைசென்ஸ் போய்விடுமே, போலீஸ் வருமே, செங்கில் தலை காட்ட முடியாதே என்ற நினைப்பைத் தவிர எனக்குள் வேறு எதுவும் இல்லை.

கீழேயிருந்து பவானேஸ்வரி கத்தினாள். "அண்ணே! என்ன வெட்டுனீங்க? லைட்டு இன்னும் எரியுதே!"

இறங்கி வந்தேன். வெட்டிய வயர் மேலே இரண்டாகத் தொங்கியதை என் கண்ணால் பார்த்துவிட்டுத்தான் வந்திருந்தேன். இங்கே பல்பு எரிந்துகொண்டிருந்தது. அவள் என் வாயையே பார்த்தாள்.

"அப்படி எதுவும் இல்ல தங்கச்சி," என்றேன். "வயரு மெயினுக்குப் பின்னாலதான் இருந்துச்சு. மெயின் சுவிட்சு தேஞ்சு போயி இப்பல்லாம் சரியா கட் ஆவல, அவ்வளவுதான். அந்தக் காலத்துல சரியாத்தான் இருந்திருக்கும்."

"அப்போ மாமா..."

"அடச்சிருந்தா ஒன்னும் ஆயிருக்காது."

சொல்லி முடித்த அந்த நொடியில் பல்பு அணைந்தது.

நான் அவசரமாகப் பித்தளைத் தாங்கியைக் கழற்றினேன். பழசு, ஆபத்து, தூக்கிப் போடணும் என்று உளறிக்கொண்டே பல்புகளோடு துணியில் சுற்றினேன். திரும்பினால், சமையலறை வாசலில் தம்புசாமி நின்றுகொண்டிருந்தார்.

"நீ இங்க முன்ன வந்திருக்கியா தம்பி?"

"இல்லங்கய்யா."

அவர் தலையை ஆட்டினார். கோபமில்லை. "நீ வந்திருக்கன்னு முத்தாயி சொன்னா," என்றார்.

மூன்று நாளில் வேலையை முடித்தேன். புது பாக்ஸ், புது வயர், எல்லாம் சட்டப்படி. ஏர்கோன் ஓடியது, கார் சார்ஜ் ஏறியது. தனபாலன் என் கையைப் பிடித்துக் குலுக்கினார். பெரியவர் அறையில் மட்டும் யாரும் போய் விளக்குப் போடவில்லை. பவானேஸ்வரிக்கும் இப்போது அவர் மேல் சந்தேகம் வந்துவிட்டது. அதை அங்கே கொண்டு வந்து வைத்தவன் நான்.

தாங்கியை எங்கள் வீட்டு ஸ்டோர் அறையில், பெயின்ட் டின்களுக்குப் பின்னால் ஒளித்து வைத்தேன். அன்றிலிருந்து வலப்பக்கத்து பல்பு எரிகிறது. வயரும் இல்லை, சுவிட்சும் இல்லை. உடைக்கச் சுத்தியலை எடுத்துக்கொண்டு மூன்று முறை போயிருக்கிறேன். பக்கத்தில் போனதும் கை வராது. ஸ்டோரில் யாரோ கண்ணாடி துடைக்கிறார்கள் என்று சொன்ன என் மனைவி மலர்க்கொடி, மறுநாளே சிம்பாங் அம்பாட்டில் மகள் வீட்டுக்குப் போய்விட்டாள். எந்த வீட்டில் மெயினை அடைத்தாலும் என் காதருகே அதே கேள்வி வந்தது. வேலையை விட்டேன்.

நாளைக்குப் போய்ச் சொல்லிவிடலாம் என்று ஏழு மாதம் நினைத்தேன். என்னைப் போன்ற கோழைகளுக்கு நாளைகளுக்குக் குறைவே இல்லை.

போன வியாழக்கிழமை தனபாலன் போன் செய்தார். அப்பா தவறிவிட்டார், காலையில் கட்டிலில் உட்கார்ந்தபடியே போயிருந்தார் என்றார். சாவு வீட்டுக்குப் போனேன். புது மின்விசிறிகள் எல்லாம் வேகமாகச் சுற்றின. தனபாலன் என்னை ஓரமாகக் கூட்டிக்கொண்டு போய்ச் சொன்னார்.

"கடைசி வரைக்கும் ஒத்துக்கல அண்ணே. ஒரு வார்த்த, நான்தான்டா தப்பு பண்ணேன்னு சொல்லியிருந்தா நான் மன்னிச்சிருப்பேன். என்ன ஜென்மமோ."

அந்தச் சவப்பெட்டிக்கு முன்னால் நின்றுகொண்டு நான் வாயைத் திறந்தேன். திறந்த வாயால் கேட்டேன், "எத்தன மணிக்கு எடுக்குறாங்க?"

சாயங்காலம் ஐந்து மணிக்கு வீடு திரும்பினேன். வெளியே நல்ல வெயில். கதவைத் திறந்ததும் ஸ்டோர் அறையின் இடுக்கில் வழக்கத்தை விட அதிகமாகச் சிவப்பு வெளிச்சம் தெரிந்தது. போய்ப் பார்த்தேன்.

இரண்டு பல்பும் எரிந்துகொண்டிருந்தன. உள்ளே கரிந்து கறுத்துப் போன அந்த இடப்பக்கத்து பல்பும்.

எனக்குப் பின்னால், ஹாலில், என் வீட்டு மெயின் சுவிட்ச் தானாக விழுந்தது.

டக்.

மின்விசிறி மெல்ல நின்றது. ஈரத் துணி வாசம் வந்தது.

"அவரு அடச்சிட்டாரு தம்பி," என்றாள் அவள். "இப்ப நீ தொடு."