எட்டாவது குறி

வீட்டுக்குள் மேசைமேல் வைத்திருந்த ஜிபிஎஸ் கருவியில் அம்பு நகர்ந்துகொண்டிருந்தது.

மேனுகா முதலில் தன் கண்ணைத்தான் சந்தேகித்தாள். தகரக் கூரைக்குக் கீழே அதற்குச் செய்மதி பிடிக்காது என்று கடைக்காரர் சொல்லியிருந்தார். பிடித்தாலும், அசையாமல் கிடக்கும் கருவியின் அம்பு அசையக் கூடாது. ஆனால் அந்தக் கறுப்பு அம்பு களுதாவளைக் கரையை விட்டு விலகி, வாவியின் நீலத்துக்குள், ஒரு தோணி போகும் வேகத்தில் ஊர்ந்தது. அடுப்படியில் அம்மா தேங்காய் துருவும் சத்தம் கேட்டது. கருவியிலிருந்து மெல்லிய சேற்று வாடை வந்தது. அவள் பற்றரிகளைக் கழற்றித் துடைத்து மறுபடி போட்டாள். அம்பு கரைக்குத் திரும்பியிருந்தது. புதுப் பொருள் இல்லையே, அப்படித்தான் இருக்கும் என்று நினைத்துக்கொண்டாள்.

அன்று காலை காத்தான்குடிக் கடையில் றிஸ்வி நானா இரண்டு கருவிகளைக் கண்ணாடிமேல் வைத்தார். ஒன்று புதியது, விரலால் தொட்டு இயக்குவது. அவர் அவளுடைய விரலில் தண்ணீர் தெளித்துத் தொடச் சொன்னார். திரை அசையவில்லை. மற்றது பொத்தான்கள் வைத்த பழையது, எந்தக் கடையிலும் வாங்கக்கூடிய பற்றரியில் ஓடுவது. புதியதில் கடல் வரைபடம் முகத்துவாரத்தோடு முடிந்துவிட்டது. அதற்கு உள்ளே வாவி வெறும் நீலம்.

"பழசுல ஆரோ ஆத்த முழுசாக் கீறி வெச்சிருக்கான் தங்கச்சி," என்றார், வாவியை ஆறு என்றே சொல்லிப் பழகியவர். "கண்டல், மணல்திட்டி, வலைக்கம்பு எல்லாம் இரிக்கி. ஆனா ஏழு குறி கிடக்கு. அத அழிச்சிட்டு மறுகா தண்ணியில இறங்குங்க. அடுத்தவன்ட தடத்துல போற நல்லமில்ல."

ஓம் என்று தலையாட்டினாள். அழிக்கவில்லை.

வாவியில் தொழில் செய்கிற எவரும் தனக்கு இறால் படும் இடத்தை வாய்விட்டுச் சொல்லமாட்டார்கள். கூடப்பிறந்தவனுக்கும் சொல்லமாட்டார்கள். ஏழு குறி என்றால் வேறு எவருக்கும் தெரியாத ஏழு இடம். யாரோ ஒருவனின் ஆயுள் உழைப்பு அவள் கைக்குள் வந்திருந்தது. அதை அழிக்க அவளால் முடியவில்லை.

போன மார்கழியில் அவளுடைய அண்ணன் யதுர்ஷன் பனிக்குள் போனான். தோணி மட்டும் திரும்பி வந்தது, உள்ளே சார்ஜ் செத்த போனோடு. ஆள் கிடைக்கவில்லை. இப்போது அந்தத் தோணியை எடுக்க அவளைத் தவிர வீட்டில் யாரும் இல்லை. அவளும் திரும்பி வராவிட்டால் அம்மா தனி. அதற்காகத்தான் கருவி. மாலையில் துறையில் நின்று, அந்த இடத்தை 'வீடு' என்று அதில் பதிந்தபோது, தாய்மாமன் கந்தப்போடி வலை உதறுவதை நிறுத்திவிட்டுப் பார்த்தார்.

"அண்ணனத் திண்ட ஆத்துக்கு வழி கேட்டு மெஷின் வாங்கியிருக்காளாம்," என்றார் பக்கத்தில் நின்றவர்களிடம். அவர்கள் சிரித்தார்கள். "தோணிய எனக்குத் தந்துட்டு அடுப்பப் பாரு புள்ள."



மறுநாள் விடியும்போது வாவிமேல் பனி பால்போலக் கிடந்தது. கம்பு ஊன்றும் ஒவ்வொரு முறையும் சேறு உறிஞ்சி விடும் சத்தமும், தோணி விளிம்பில் நீர் நக்கும் சத்தமும், எங்கோ தொலைவில் கோயில் மணியும் கேட்க, ஈரக் கண்டல் இலையின் கசந்த மணத்தைச் சுவாசித்தபடி அவள் முதலாவது குறிக்குப் போய்ச் சேர்ந்தாள். வலையை வீசினாள். இழுக்க முடியவில்லை, அவ்வளவு இறால். இரண்டாவது குறியிலும் அப்படித்தான். நான்காவதில் கூடை நிரம்பியது. ஆறாவதில் தோணியின் அடிப்பலகையிலேயே கொட்டினாள். அவை அவள் வெறுங்காலைச் சுற்றித் துள்ளின. கந்தப்போடி மாமாவின் முகத்தை நினைத்து ஒருமுறை சிரித்தும்கொண்டாள்.

ஏழாவது குறியில் வலைக்குள் ஒரு நூல் வந்தது.

கறுத்துப்போன கோயில் நூல். அம்மா போடும் மூன்று முடிச்சு. அண்ணனின் மணிக்கட்டில் கட்டியிருந்தது. முடிச்சு அவிழவில்லை. நூல் அறவுமில்லை. வளையம் வளையமாகவே இருந்தது. கை மட்டும் இல்லை.

இறால் எங்கே சேரும் என்று வாவியில் எல்லாருக்கும் தெரியும். தீன் கிடக்கும் இடத்தில்.

அவள் கூடையைப் பார்க்கவில்லை. 'வீடு' என்பதை அழுத்தினாள். எழுநூறு மீற்றர். அம்பு காட்டிய பக்கம் கம்பை ஊன்றி ஊன்றித் தள்ளினாள். பனி முகத்தில் ஈரத்துணியாக ஒட்டியது. மணிச் சத்தம் நின்றிருந்தது. நானூறு மீற்றரில் அடுப்புப் புகை மணக்க வேண்டும். மணக்கவில்லை. இருநூறில் காகம் கேட்க வேண்டும். கேட்கவில்லை.

பனிக்குள் அகப்பட்டால் கம்பால் தோணி விளிம்பில் தட்ட வேண்டும். பெயர் சொல்லிக் கூப்பிடக் கூடாது. ஒவ்வொரு வீட்டுக்கும் ஒரு தட்டு இருக்கிறது. கேட்டவர்கள் தங்கள் வீட்டுத் தட்டால் பதில் தருவார்கள். கேட்டுவிட்டுப் பதில் தராமல் போகிறவன் துறையில் மனிதனே இல்லை. மேனுகாவின் வீட்டுத் தட்டு இரண்டு, பிறகு ஒன்று. கடைசியில் கொஞ்சம் பொறுத்து இன்னும் ஒன்றைச் சேர்த்தவன் யதுர்ஷன். அது அவனுக்கும் அவளுக்கும் மட்டும் தெரிந்தது.

இரண்டு. ஒன்று. தட்டிவிட்டுக் காத்திருந்தாள்.

பின்னால் யாரோ மூன்று முறை தட்டினார்கள். அவளுக்கு அழுகை வந்தது. தோணிகள் இருக்கின்றன. ஆட்கள் இருக்கிறார்கள். இடப்பக்கம் நான்கு கேட்டது. வலப்பக்கம் ஒன்று, பிறகு மூன்று. இன்னும் கேட்டன. எண்ணினாள். ஆறு பேர்.

ஆறு தட்டும் கீழேயிருந்து கேட்டன. மிகக் கீழேயிருந்து.

முப்பது மீற்றர். இங்கே முழங்கால் தண்ணீர்தான் இருக்க வேண்டும். கம்பை இறக்கினாள். தரை இல்லை. மணிக்கட்டுவரை இறக்கினாள். தரை இல்லை.

பத்து. ஐந்து. தோணி தானாகப் போனது.

பூச்சியம்.

கரை இல்லை. பனி மட்டும்.

திரை ஒருமுறை மினுங்கியது. ஏழு குறிகளுக்குப் பக்கத்தில் எட்டாவது. இன்றைய திகதி. அம்பு அதன்மேல் நின்றது.

அப்போது அவள் காலடிப் பலகைக்குக் கீழே கேட்டது. உள்ளங்காலில் அதிர்ந்தது.

இரண்டு. ஒன்று.

கொஞ்சம் பொறுத்து, இன்னும் ஒன்று.

பிறகு அமைதி. இறால்கள்கூடத் துள்ளவில்லை. ஏழு பேரும் பதிலுக்குக் காத்திருந்தார்கள்.

அவள் தட்டவில்லை. தட்டக் கூடாது. கம்பை மேலே இழுத்தாள். வரவில்லை. கையை விட்டாள்.

கம்பு விழவில்லை. அடியில்லாத தண்ணீரில் நேராக நின்றது. மெல்லத் தோணிப் பக்கம் சாய்ந்து, விளிம்பில் தானே தட்டியது.

இரண்டு. ஒன்று.