காற்றுக்கு முடிவெட்டியவர்

நகரத்தில் சலூனை இழுத்து மூடிவிட்டு, மனைவியோடும் ஆறு வயது மகளோடும் முடிதிருத்துபவர் அந்தச் சின்ன ஊரில் வந்து இறங்கியபோது, ஊர் அவரைப் பார்த்துக் கொட்டாவி விட்டது. பஞ்சாலை மூடி எட்டு வருஷம். இளவட்டங்கள் பிழைப்புத் தேடிப் போய்விட்டார்கள். மிச்சமிருந்தவர்களில் பாதிப் பேருக்குத் தலையில் வெட்ட ஒன்றுமில்லை.

"ஒரு மாசம் பார்ப்பேன். கடை பிடிக்கலேன்னா பிள்ளையக் கூட்டிட்டு எங்கண்ணன் வீட்டுக்குப் போயிடுவேன்" என்றாள் மனைவி. அவள் சொன்னால் சொன்னதுதான்.

ஆகவே அவர் நகரத்து வித்தையைக் கையில் எடுத்தார். காலிக் கடைக்குள் எவனும் நுழைய மாட்டான். ஆள் இருப்பதுபோல் காட்ட வேண்டும். வாடகைக் கடையில் முன்பே கிடந்த ஓரத்து நாற்காலியைத் தெருவுக்கு முதுகு காட்டித் திருப்பினார். துணியை அதன்மேல் போர்த்திவிட்டு, வெறுங்காற்றில் கத்தரியை ஆட்டினார். "தலையக் குனிங்க சார்" என்று காற்றுக்கு மரியாதை வேறு. கண்ணாடியில் தன் முகத்தைப் பார்க்க அவருக்கே கூச்சமாக இருந்தது.

நாலாம் நாள் பிற்பகல், கடையைக் கூட்டிக்கொண்டிருந்த மனைவி நிமிர்ந்தாள்.

"யாருக்கு வெட்டினீங்க?"

"ஒரு ஈ காக்கா வரல."

"அப்ப இது?"

முறத்தில் நரைத்த முடி. ஈரமாக இருந்தது. நடுவே பஞ்சுத் துகள்.

"கடை ஓடுதுன்னு காட்ட எங்கேயாவது போய் முடி அள்ளிட்டு வர்றீங்களா?"

அவருக்கு ரோஷம் பொத்துக்கொண்டு வந்தது. எதிர்க் கடைக்காரர்மேல் அவருக்கு வந்த நாளிலிருந்தே ஒரு சந்தேகம். அந்த டீக்கடைக்காரர் சலூனைப் பார்ப்பார். இவர் பார்த்தால் முகத்தைத் திருப்பிக்கொள்வார். நேரே தெருவைக் கடந்து அவர் முன்னால் போய் நின்றார்.

"ஏண்ணே, பிழைக்க வந்தவனைத் துரத்தறதுக்காக என் கடையில முடியைக் கொண்டாந்து போடறது நீங்கதானே?"

டீ ஆற்றிய கை அப்படியே நின்றது.

"எந்த நாற்காலியில?"

"ஓரத்துல கிடக்குதே, அதுல."

"வெட்டவே ஆரம்பிச்சுட்டீங்களா?" டீக்கடைக்காரர் குரலைத் தாழ்த்தினார். "அப்ப பாதியில மட்டும் விட்டுடாதீங்க."

சொல்லிவிட்டு அடுத்த டம்ளரைக் கழுவப் போய்விட்டார். என்னமாய் நடிக்கிறான் மனுஷன் என்று கறுவிக்கொண்டே திரும்பினார் இவர்.

மறுநாள் பிற்பகல் பின்கதவைத் தாழிட்டார். நாற்காலியைச் சுற்றி முகப்பவுடரைத் தூவினார். எவன் வந்தாலும் கால்தடம் காட்டிக்கொடுக்கும். உள்வாசலில் மனைவி கைகட்டி நின்றாள். சந்தேகம் அவர்மேல்தான்.

கத்தரியை ஆட்டினார். காற்று.

மறுபடி ஆட்டினார். காற்று.

மூன்றாவது வெட்டில் ஏதோ சிக்கியது.

முடிதான். இருபது வருஷக் கை ஏமாறாது.

பஞ்சாலைத் தொழிலாளிகள் மேல் வீசுமே, அந்த இயந்திர எண்ணெயின் வாடை எழுந்தது. போர்த்திய துணி மெல்ல உப்பியது, அடங்கியது, மறுபடி உப்பியது.

பவுடரில் ஒரு தடம்கூட இல்லை.

ஓடத்தான் கால் துடித்தது. ஓடினால் கடை போயிற்று. கடை போனால் பெண்டாட்டி பிள்ளையும் போயிற்று. அதற்குமேல், பாதியில் விடக்கூடாதாமே. பல்லைக் கடித்துக்கொண்டு வெட்டினார்.

"கிருதா... எவ்வளவு வைக்கட்டும்?" பழக்கதோஷம், வாய் தானாகக் கேட்டுவிட்டது.

பதில் வராத வரைக்கும் நல்லது.

முடித்துவிட்டுப் பிடரியில் பவுடர் போட்டார். ஒரு கணம் அது விழவில்லை. காற்றில் வளைந்து நின்றது, ஒரு கழுத்தின் அளவுக்கு. பிறகு உதிர்ந்தது. நாற்காலி பாரம் இறங்கியதுபோல் முனகி எழும்பியது.

"கிளம்பலாங்க" மனைவியின் குரல் கிசுகிசுத்தது. "இப்பவே."

அவர் தலையாட்டினார். துணியை உதறினார்.

சுவரோரப் பெஞ்சு கிரீச்சிட்டது. ஒரு முறை. பிறகு, யாரோ நகர்ந்து உட்கார்வதுபோல், இன்னொரு முறை.

அப்போது பள்ளிக்கூடம் விட்டு மகள் ஓடிவந்தாள். வாசற்படியிலேயே நின்று, காலிப் பெஞ்சை இந்த முனையிலிருந்து அந்த முனைவரை பார்த்தாள்.

"அப்பா, நான் எங்க உக்கார்றது?"