ஜாம் பாட்டிலுக்குள் இரண்டு தாள்கள்

மழை பெய்யும்போது அந்தத் தாள்கள் விரியக் கூடாது. அதைச் சொன்னதே வாலுதான். பள்ளியிலிருந்து தொப்பலாக நனைந்து வந்தவள், முடி காயட்டும் என்று பின்னலை அவிழ்த்துப் போட்டுக்கொண்டு, தையல் மெஷின் முன்னால் உட்கார்ந்திருந்த அம்மாவிடம் மூக்கால் அழுதாள்.

"ஈரக் காத்துல இது வேலையே செய்யாதும்மா. மின்சாரம் நிக்காம கசிஞ்சு போயிடுமாம், டீச்சர் சொன்னாங்க. நாளைக்கும் மழை பேஞ்சா நான் ஸ்கூல்ல எதைக் காட்டுறது?"

"மழையை நானா வரச் சொன்னேன்? போய்ப் படி. இந்தச் சட்டை முடியட்டும், தலை பின்னி விடறேன்."

மின்சாரம் இருப்பதைக் காட்டும் அந்தக் கருவியைச் செய்தது என்னவோ இரண்டு பேரும் சேர்ந்துதான். காலி ஜாம் பாட்டில், அதன் பிளாஸ்டிக் மூடியில் ஒரு ஓட்டை, ஓட்டை வழியாக உள்ளே இறங்கும் செம்புக் கம்பி, கம்பியின் நுனியில் தொங்கும் இரண்டு மெல்லிய அலுமினியத் தாள்கள். நைலான் துணியில் தேய்த்த ஸ்கேலைக் கிட்டே கொண்டுபோனாலே போதும், சண்டை போட்ட அண்ணன் தம்பி மாதிரி தாள்கள் விலகி நிற்கும். கம்பியில் தேய்த்துவிட்டால் விலகியபடியே இருக்கும். விரலால் தொட்டால் சேர்ந்துகொள்ளும்.

இப்படி மின்சாரத்தைத் தொட்டு விரட்டுவது அம்மாவுக்குப் புதிதல்ல. நைலான் தைக்கிற கைக்கு அடிக்கடி சுரீர் என்று அடிக்கும், உடனே மெஷினின் இரும்புக் காலைத் தொட்டுவிட்டுத்தான் அடுத்த தையல். ஒருமுறை மோட்டார் ஷாக் அடித்துத் தூக்கிப் போட்டதிலிருந்து ரப்பர் செருப்பும் காலைவிட்டு இறங்குவதில்லை. செருப்போடுதான் தூங்குவாள் போலிருக்கிறது என்று கணவரும் மகளும் கேலி செய்வார்கள்.

வாலு உள்ளறைக்குப் போனாள். அவளுடைய அப்பா வேலை முடிந்து வர இன்னும் நேரம் இருந்தது. ஜன்னல் கம்பிகளில் மழை வழிய, ஈரத் துணியும் மெஷின் எண்ணெயும் கலந்த வாசம் அறை முழுக்க நிற்க, அம்மா சட்டைக் காலரைத் திருப்பித் தைத்துக்கொண்டே தற்செயலாகத்தான் வெட்டு மேஜையைப் பார்த்தாள். பாட்டிலுக்குள் தாள்கள் விரிந்திருந்தன.

நைலான் துண்டு ஏதாவது பக்கத்தில் கிடக்கும் என்று நினைத்தாள். எழுந்து போய்க் கம்பியைத் தொட்டாள். சேர்ந்தன. அவள் திரும்பி உட்காரும் முன் மறுபடி விரிந்தன. மேஜையிலிருந்த துணிகளையெல்லாம் வாரி மூலையில் போட்டாள். அப்படியும் விரிந்தன.

பாட்டிலை எடுத்துக்கொண்டு ஜன்னலோரம் போனாள். தாள்கள் தளர்ந்தன. மேஜைக்குத் திரும்பினாள், விரிந்தன. உள்ளறைப் பக்கம் ஓரடி வைத்தாள், இன்னும் விரிந்தன. அந்த அறையில் அவள் பெண்ணைத் தவிர யாரும் இல்லை.

உள்ளே வாலு கட்டிலில் குப்புறப் படுத்து எழுதிக்கொண்டிருந்தாள். கருகிய நைலான் நாற்றம் அடித்தது. இறுக்கமான பாலியஸ்டர் சட்டையை மெதுவாக, மிக மெதுவாக யாரோ தலைவழியே கழற்றுவது போல ஒரு சடசடப்பு. அது நிற்கவே இல்லை. வாலுவின் முடி எழுந்து நின்றது. தண்ணீர் சொட்டும் முடி. ஒவ்வொரு இழையும் நீண்டு, கட்டிலுக்கு மேலே வெறும் காற்றில் ஒரே இடத்தைக் காட்டியது.

அந்த இடம் கீழே இறங்கிக்கொண்டிருந்தது.

"வாலு. எழுந்து வாடி."

"இரும்மா. ஒரே வரிதான் பாக்கி."

மகளின் கழுத்துக்கு மேலே ஒரு சாண் உயரம். இழுத்தெடுக்க நேரமில்லை. அம்மாவுக்கு ஒன்றே ஒன்றுதான் தோன்றியது. தொட்டால் போய்விடும். பாட்டிலைக் கட்டிலில் வைத்துவிட்டு, மகளின் தலைக்கு மேல் அந்த வெற்றிடத்துக்குள் கையை நீட்டினாள்.

சுரீர் என்று அடிக்கவில்லை. பிடித்துக்கொண்டது. மணிக்கட்டு. முழங்கை. தோள். குளிர்ந்த எதுவோ உள்பக்கமாக ஏறியது. வாலுவின் முடி பொத்தென்று விழுந்தது. சடசடப்பு நின்றது.

அப்பாடா. பிள்ளை தப்பித்தாள். அம்மாவுக்கு அழுகையே வந்துவிட்டது.

வாலு திரும்பிப் பார்த்தாள். "என்னம்மா? ஏன் கையைப் பிடிச்சுட்டு நிக்கிற?"

"ஷாக் மாதிரி இருந்துச்சு. தொட்டேன். தரைக்குப் போயிடுச்சு."

வாலுவின் பார்வை கீழே போனது. சிரித்துவிட்டாள்.

"செருப்போட நிக்கிறியேம்மா! ரப்பர் வழியா எப்படித் தரைக்குப் போகும்? உன் உடம்புலயேதான் இருக்கும்."

செருப்பை உதற வேண்டும். ஒரு உதறல் போதும். கால் நகரவில்லை. கால் அவள் பேச்சைக் கேட்கவில்லை. ஓடு என்று கத்த நினைத்தாள். ஓடிப் போ கண்ணு, கதவைத் திற, அப்பாகிட்ட போ.

வாய் திறந்தது.

"கிட்ட வாடி. தலை பின்னி விடறேன்."

அவள் குரல்தான். இழுவை கூட அவளுடையதுதான்.

"சட்டை முடிஞ்சுடுச்சா?" என்று வாலு சந்தோஷமாக நகர்ந்து வந்தாள். தினமும் உட்காருவது போல, அம்மாவுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்தாள். மடியில் பாட்டிலை வைத்துக்கொண்டாள்.

"அம்மா, இங்க பாரேன். மழையிலயும் வேலை செய்யுது!"

தாள்கள் இரண்டு பக்கமும் கண்ணாடியில் முட்டித் துடித்தன. அம்மாவின் கை உயர்ந்தது. அவள் உயர்த்தவில்லை. கைக்குக் கீழே, சின்னப் பிடரியிலிருந்து, ஈரமான முடி ஒவ்வொன்றாக எழுந்து அந்த விரல்களை நோக்கி வந்தது.