கிருஷ்ணசாமி கேட்ட கொசுறு

உத்திரமேரூரில் இமை அழகு சிகிச்சை. கேட்டதும் எனக்கே சிரிப்பு வந்தது. பழைய வீடு ஒன்றை வெள்ளையடித்து, ஏசி மாட்டி, கிளினிக் ஆக்கியிருந்தார் டாக்டர் தினகரன். வியாழன்தோறும் சென்னையிலிருந்து வருவார். நான் அங்கே நர்ஸ், பெயர் ரேணுகா.

அன்று காலை ஏனாத்தூரிலிருந்து ஜெயப்பிரியா என்ற கல்லூரிப் பெண் வந்தாள். இமை தடிப்பாம், செல்ஃபியில் தூங்குமூஞ்சியாகத் தெரிகிறாளாம். நல்ல கண். அதை வெட்டிக்கொள்ளத்தான் இத்தனை அவசரம்.

இவளைச் சொல்லி என்ன? போன வருடம் வந்த கிருஷ்ணசாமிக்கு வயது அறுபது. ஊரில் பெரிய மனிதர். அறுபதாம் கல்யாண போட்டோவுக்காக இமையைத் தூக்க வேண்டுமாம். கண் மூடுகிற அளவுக்குத் தோல் மிஞ்ச வேண்டும் என்று டாக்டர் சொன்னார். அவரோ கத்தரிக்காய் வாங்குகிற மாதிரி பேசினார்.

“இவ்ளோதான் எடுப்பியா டாக்டரே? கொசுறா இன்னும் கொஞ்சம் எடுத்துவுடு.”

பெரிய மனிதர் ஆயிற்றே, டாக்டரும் எடுத்துவிட்டார். வெட்கங்கெட்ட ஜோடி. அதற்குப்பின் அந்தக் கண்கள் முழுதாக மூடவே இல்லை. ஆறே மாதத்தில் மாரடைப்பில் போனார். பிணத்தின் இமையை மகன் எத்தனை முறை தடவியும் இறங்கவில்லை. துணி கட்டித்தான் எடுத்தார்கள்.

டாக்டர் ஜெயப்பிரியாவை நிமிர்ந்து உட்கார வைத்து போட்டோ எடுத்தார். மாத்திரை ஏதும் சாப்பிடுகிறாயா, கண் காய்ந்துபோகிறதா என்று கடமைக்குக் கேட்டார். இடுக்கியால் இமைத்தோலைப் பிடித்துப் பார்த்து எதுவரை வெட்டுவது என்று ஊதாப் பேனாவால் கோடு போட்டார். ஒரு வாரத்தில் தையல் பிரிக்கலாம், வீக்கம் வடிய இன்னும் சில நாள் ஆகும் என்று சொல்லிக்கொண்டே அளந்தார். எட்டு மில்லிமீட்டர்.

நான் எழுதிவிட்டு நிமிர்ந்தேன்.

கோடு மேலே ஏறியிருந்தது.

அழித்துவிட்டு மறுபடி போட்டார், மறுபடி அளந்தார்.

பதினொன்று.

அறையில் பிணத்துக்குப் போட்ட ரோஜா மாலை வாடிய நாற்றம் அடித்தது.

“கண்ணை மூடும்மா,” என்றார் டாக்டர்.

“மூடிக்கினுதான் கீறேன் சார்.” அவள் குரல் இறங்கியது. “உங்க பின்னாடி நிக்கறாரே, அந்தப் பெரியவரு யாரு? இன்னும் எடுன்றாரு.”

டாக்டர் திரும்பிப் பார்க்கவில்லை. முகமெல்லாம் வியர்வை.

“கத்தியை ரெடி பண்ணு ரேணுகா. இப்பவே முடிச்சிடலாம்.”

செத்தவன் கேட்டாலும் தட்டாத மனுஷன். எனக்குப் பயத்தைவிட அருவருப்புதான் அதிகமாக வந்தது. ஈரப் பஞ்சால் அவள் இமைகளைத் துடைத்துவிட்டேன்.

“எழுந்து வூட்டுக்குப் போம்மா. உன் கண்ணு நல்லாத்தான் கீது.”

அவள் செருப்பைக்கூட மாட்டாமல் ஓடினாள்.

அந்த ரோஜா மாலை நாற்றம் என் பக்கம் நகர்ந்தது. கண்களை இறுக மூடிக்கொண்டேன்.

மூடிய கண்ணுக்குள் கிருஷ்ணசாமி நின்றார்.

அவர் இமைக்கவில்லை.

என் இமையில் ஏதோ ஜில்லென்று கோடு இழுத்தது. டாக்டரின் பேனா மேசைமேல் கிடந்ததை நானே கண் திறந்து பார்த்தேன்.

வேலையை விட்டு ஒரு வாரம் ஆகிறது. சோப்பு, எண்ணெய் எல்லாம் போட்டுத் தேய்த்தாயிற்று. ஊதாக் கோடு போகவில்லை. தினமும் கொஞ்சம் மேலே ஏறுகிறது. இன்று காலை புருவத்தைத் தொட்டுவிட்டது.