விளக்கைப் போட்டால் நகரும் வடக்கு

திருவண்ணாமலையில் விமானம் என்று சொன்னால் யாரும் வானத்தைப் பார்க்க மாட்டார்கள். கோயிலைத்தான் பார்ப்பார்கள். கருவறைக்கு மேலே எழுந்து நிற்கிறதே, அதற்கும் விமானம் என்றுதானே பெயர்.

அதனால்தான் அந்தக் குழப்பம் வந்தது. ஆறாம் வகுப்பில் ஒருநாள் டீச்சர் ஒவ்வொருவரிடமும் அப்பா என்ன வேலை செய்கிறார் என்று கேட்டுக்கொண்டே வந்தார். சந்திரகலாவின் முறை வந்ததும் அவள் எழுந்து, விமானத்துக்கு ஒயர் இழுக்கிறார் என்றாள். டீச்சர் கன்னத்தில் போட்டுக்கொண்டார்.

"புண்ணியம் செஞ்சவரும்மா உங்கப்பா. தீபத்துக்கு சீரியல் செட் போடறாரா?"

இல்லை, இது பறக்கிற விமானம் என்று சந்திரகலா சொல்வதற்குள் மணி அடித்துவிட்டது.

இது நடந்தது எழுபத்தொன்பதாம் வருஷம். இன்றைக்குப் பௌர்ணமிக்கு மலை சுற்ற வருகிற கூட்டத்தில் நூறில் ஒரு பங்குகூட அப்போது வராது. வானத்தில் ஏதாவது உறுமிக்கொண்டு போனால், கடைக்காரர்கள் எடை போடுவதை அப்படியே விட்டுவிட்டு வெளியே ஓடிவந்து அண்ணாந்து பார்ப்பார்கள்.

அப்படிப்பட்ட ஊரில், கீழ்பென்னாத்தூர் போகிற சாலையில், ஒரு மல்லாட்டைக் கொட்டகைக்குள் விமானம் ஒன்று உருவாகிக்கொண்டிருந்தது. வேர்க்கடலையை அந்தப் பக்கத்தில் மல்லாட்டை என்பார்கள். கொட்டகையின் ஒரு பாதியில் மல்லாட்டை உடைக்கிற மிஷின். மறு பாதியில் மரச்சட்டமும் துணியும் பழைய கார் என்ஜினும் சேர்ந்த, ஒரே ஒரு ஆள் உட்காரக்கூடிய குட்டி விமானம்.

அதைக் கட்டியவர் ஆதிமூலம். விமானப்படையில் பதினைந்து வருஷம் விமானங்களைப் பழுது பார்த்துவிட்டு ஊருக்குத் திரும்பியவர். எத்தனையோ விமானங்களைச் சரிசெய்து கொடுத்தாயிற்று, தனக்கென்று ஒன்று செய்துகொள்ள வேண்டும் என்று ஆசை. இறக்கைத் துணி விறைப்பாக நிற்பதற்கு அவர் ஒரு மருந்து பூசுவார். அது வாழைப்பழ மிட்டாய் மாதிரி மணக்கும். அந்த வாசனையும் மல்லாட்டைத் தோலின் வாசனையும் கலந்து வந்த மாதிரி ஒன்றை சந்திரகலா பிறகு எந்த ஊரிலும் முகர்ந்ததில்லை.

சந்திரகலாவின் அப்பா கோதண்டராமன், திருவூடல் தெருவில் எலக்ட்ரிக் கடை வைத்திருந்தார். அவரும் ஆதிமூலமும் ஒன்றாம் வகுப்பிலிருந்தே சிநேகிதர்கள். தினமும் நாலு மணிக்கு ஒரே டீக்கடையில், ஒரே பெஞ்சில்தான் டீ குடிப்பார்கள்.

விமானம் ஓட்டுகிறவருக்கு முன்னால் ஒரு பலகை இருக்கும். வேகம், உயரம், எண்ணெயின் சூடு எல்லாவற்றையும் காட்டும் வட்டமான மீட்டர்கள் அதில் வரிசையாக இருக்கும். நடுவில் திசை காட்டும் காம்பஸ். அந்தப் பலகைக்கு ஒயரிங் செய்வது அப்பாவின் பொறுப்பு. இரும்பு வண்டி என்றால் மின்சாரம் வண்டியின் உடம்பு வழியாகவே பேட்டரிக்குத் திரும்பிவிடும். இதுவோ மரம். போவதற்கு ஒரு ஒயர், திரும்புவதற்கு ஒரு ஒயர் என்று இரண்டு வேண்டும்.

அப்பாவின் வேலை ஸ்கேல் வைத்துக் கோடு போட்ட மாதிரி இருக்கும். சிவப்பு ஒயர் பலகையின் மேல் ஓரமாகப் போகும். கறுப்பு ஒயர் கீழ் ஓரமாகத் திரும்பி வரும். இரண்டும் ஒன்றையொன்று தொடாது. ஒவ்வொரு ஒயரிலும் துணி நாடா சுற்றி நம்பர் எழுதியது சந்திரகலா. பள்ளிக்கூடம் விட்டதும் அவள் நேரே கொட்டகைக்குத்தான் வருவாள். பன்னிரண்டாம் நம்பர் எது என்று கேட்டால் அப்பா தேடுவார். அவள் தேடமாட்டாள்.

பங்குனி மாதத்தில் மெட்ராஸிலிருந்து ஒரு கடிதம் வந்தது. அடுத்த ஞாயிற்றுக்கிழமை ஓர் அதிகாரி வந்து பார்ப்பார். அவர் சரியென்று கையெழுத்துப் போட்டால்தான் விமானத்தை ஏரியில் ஓட்டிப் பார்க்கலாம். ஏரி என்றால், அந்த வெயிலில் சொட்டுத் தண்ணீர் இல்லாமல் மைதானம் மாதிரி கிடந்த ஏரி.

கடிதம் வந்த அன்று மாலை அப்பா கடைசித் திருகைத் திருகிவிட்டு பேட்டரியை மாட்டினார். ஆதிமூலம் சுவிட்சைத் தட்டினார். மீட்டர்களுக்குள் இருந்த குட்டி பல்புகள் எல்லாம் பளிச்சென்று எரிந்தன.

காம்பஸின் முள் மெல்ல நகர்ந்தது.

ஆதிமூலம் சுவிட்சை அணைத்தார். முள் பழைய இடத்துக்கே திரும்பியது. மறுபடி போட்டார். மறுபடி நகர்ந்தது. பத்து டிகிரி தள்ளிப்போய், அதுதான் வடக்கு என்று சாதித்தது.

"காம்பஸ் பழசுடா. கெட்டுப்போயிருக்கும்" என்றார் அப்பா.

"பட்டாளத்துச் சாமான், கெடாது. உன் ஒயரிங்லதான் எங்கியோ கோளாறு."

"இருபது வருஷமா ஒயர் இழுக்கிறேன். எந்த வீட்லயும் ஒரு கோளாறு வந்ததில்ல."

"வீடு பறக்கறதில்ல, கோதண்டம்."

அப்பா ஸ்க்ரூ டிரைவரைப் பலகையின்மேல் வைத்தார். சந்திரகலாவின் கையைப் பிடித்துக்கொண்டு வெளியே வந்துவிட்டார். ஸ்க்ரூ டிரைவர் அங்கேயே கிடந்தது.

மறுநாளிலிருந்து அப்பா வேறு டீக்கடைக்குப் போனார். வீட்டுக்கு வந்து அந்த டீயில் சர்க்கரை ஜாஸ்தி என்று அம்மாவிடம் குறைப்பட்டுக்கொண்டார். அப்படியானால் பழைய கடைக்கே போங்களேன் என்றாள் அம்மா சரோஜா. அப்பா சட்டென்று எழுந்து, எரிந்துகொண்டிருந்த பல்பைக் கழற்றித் துடைக்கப் போய் விரலைச் சுட்டுக்கொண்டார்.

இரண்டு நாள், மூன்று நாள் ஆயிற்று. அப்பா கொட்டகைப் பக்கம் தலைவைத்துப் படுக்கவில்லை. சந்திரகலாவுக்குச் சோறு இறங்கவில்லை. விமானம் பறக்காமல் போனாலும் போகட்டும், அந்தப் பெஞ்சில் இரண்டு பேரும் உட்காராமல் போய்விட்டால் என்ன செய்வது என்று அவளுக்குப் பயமாக இருந்தது.

வியாழக்கிழமை பள்ளிக்கூடம் விட்டதும் அவள் தனியாகக் கொட்டகைக்குப் போனாள். தீபத் திருவிழாக் கடையில் வாங்கிய பொம்மைக் காம்பஸ் ஒன்று அவள் பையில் எப்போதும் இருக்கும். பித்தளை டப்பா, பொத்தான் அளவுதான். அன்று அதைக் கையிலேயே வைத்திருந்தாள்.

ஆதிமூலம் காம்பஸைக் கழற்றி வெளியே களத்தில் வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தார். வெளியே அது ஒழுங்காக இருந்தது. உள்ளே கொண்டுபோய் மாட்டி விளக்கைப் போட்டால் நகர்ந்தது. அவர் முகம் வாடியிருந்தது. அப்பா எப்படி இருக்கிறார் என்று கேட்டார். பதிலுக்குக் காத்திராமல், மல்லாட்டை மூட்டையோடு வந்தவர்களைக் கவனிக்கப் போய்விட்டார்.

சந்திரகலா இருக்கையில் ஏறி உட்கார்ந்தாள். விளக்குச் சுவிட்சைப் போட்டாள். தன் பொம்மைக் காம்பஸைச் சிவப்பு ஒயருக்குப் பக்கத்தில் வைத்தாள். முள் திடுக்கிட்ட மாதிரி திரும்பியது. அணைத்தாள். பழையபடி ஆயிற்று. கறுப்பு ஒயர் பக்கத்திலும் வைத்துப் பார்த்தாள். அங்கேயும் திரும்பியது.

ஆக, ஒயரில் மின்சாரம் ஓடும்போது அது காந்தம் மாதிரி முள்ளை இழுக்கிறது. ஒயரில் கோளாறு இல்லை. எந்த ஒயரும் அப்படித்தான் செய்யும் போலிருக்கிறது.

அவள் ஒயரைத் தொடர்ந்து காம்பஸை நகர்த்திக்கொண்டே போனாள். பேட்டரிக்குப் பக்கத்தில், ஒரே கிளிப்புக்குள் சிவப்பும் கறுப்பும் ஒட்டிக்கொண்டு போகிற இடம் ஒன்று இருந்தது. அங்கே வைத்தாள். முள் அசையவில்லை. சுவிட்சை ஐந்து தரம் தட்டினாள். ஐந்து தரமும் அசையவில்லை.

ஒன்று போகிறது, ஒன்று வருகிறது. ஒன்று ஒரு பக்கம் இழுத்தால் மற்றது எதிர்ப்பக்கம் இழுக்கும். சேர்ந்தே இருந்தால் இரண்டு பேருக்கும் சரிக்குச் சரி. பிரித்து, நடுவில் காம்பஸை வைத்தால்தான் வம்பு.

ஆதிமூலம் மாமாவைக் கூப்பிட அவள் வாயைத் திறந்தாள். பிறகு மூடிக்கொண்டாள். இப்போது சொன்னால், ஒயரிங்கில்தான் தப்பு என்று மாமா சொன்னது ஜெயித்த மாதிரி ஆகிவிடும். அப்பா இனி இந்தப் பக்கமே வரமாட்டார். அவள் சுவிட்சை அணைத்துவிட்டு இறங்கி, கடைக்கு ஓட்டமும் நடையுமாகப் போனாள்.

அப்பா கடையில் ஒரு மின்விசிறியைப் பிரித்து வைத்துக்கொண்டிருந்தார்.

"அப்பா, காம்பஸும் நல்லாத்தான் இருக்கு. உங்க ஒயரும் நல்லாத்தான் இருக்கு. நான் பார்த்துட்டேன்."

அப்பா நிமிர்ந்தார். இரண்டும் நல்லா இருந்தால் முள் ஏன் நகர்கிறது என்று கேட்டார்.

"அதை இங்க காட்ட முடியாது. நீங்க வந்தாத்தான் காட்டுவேன்."

மின்விசிறி அப்படியே கிடந்தது. அப்பா சைக்கிளை எடுத்தார்.

கொட்டகையில் இரண்டு பேரும் ஒருவரையொருவர் பார்க்காமல் நின்றார்கள். சந்திரகலா பொம்மைக் காம்பஸை அப்பாவின் உள்ளங்கையில் வைத்தாள். அதைச் சிவப்பு ஒயருக்குப் பக்கத்தில் பிடிக்கச் சொன்னாள். ஆதிமூலம் மாமாவை அந்தப் பக்கம் போய் சுவிட்சைப் பிடித்துக்கொள்ளச் சொன்னாள். அவர் நின்ற இடத்திலிருந்து முள் தெரியாது. அப்பா நின்ற இடத்திலிருந்து சுவிட்ச் எட்டாது.

மல்லாட்டைத் தோல் காற்றில் பறந்தது.

கடைசியில் அப்பாதான் தொண்டையைச் செருமினார். "போடு."

"போட்டேன். இன்னா ஆச்சு?"

"நகருது. அணை."

"அணைச்சிட்டேன்."

"நின்னுடுச்சி. இரு, கீழ் ஒயர்ல வெக்கிறேன். இப்ப போடு."

அப்புறம் சந்திரகலா ஒன்றும் சொல்லத் தேவைப்படவில்லை. இருவரும் போடு, அணை, இங்கே பார், அங்கே பார் என்று பேட்டரி வரைக்கும் வந்துவிட்டார்கள். இரட்டை ஒயர் இடத்தில் முள் சும்மா இருந்ததைக் கண்டதும் அப்பா தன் தலையில் தானே ஒரு குட்டு வைத்துக்கொண்டார். "அழகு பார்த்து நான்தான் பிரிச்சு வெச்சேன், ஆதிமூலம்" என்றார்.

"பதினஞ்சு வருஷம் அதுலயே இருந்தேன். எனக்குத் தோணியிருக்கணும். வாயை வெச்சுக்கிட்டுச் சும்மா இருக்காம வீடு பறக்கறதில்லன்னு வேற சொன்னேன்" என்றார் மாமா.

இரண்டு ஒயரையும் சேர்த்துக் கட்டிவிடலாமா என்று அப்பா யோசித்தார். வளைவுகளில் பிரிந்துகொள்ளும் என்றார் மாமா. சந்திரகலா, கயிறு திரிக்கிற மாதிரி இரண்டையும் சேர்த்து முறுக்கிவிட்டால் பிரியவே பிரியாதே என்றாள். இருவரும் அவளைப் பார்த்தார்கள்.

வெள்ளியும் சனியும் கொட்டகையில் அதே வேலைதான். மாமா இரண்டு ஒயரின் ஒரு முனையைப் பிடித்துக்கொள்வார். மறு முனையை அப்பா கை டிரில்லின் வாயில் கவ்வக் கொடுப்பார். சந்திரகலா கைப்பிடியைச் சுற்றுவாள். சிவப்பும் கறுப்பும் கைமுறுக்கு மாதிரி பின்னிக்கொண்டு வரும். ஒரு தரம் மாமாவின் சட்டைப் பொத்தானும் சேர்ந்து முறுக்கிக்கொண்டது. அப்பா சிரித்த சிரிப்பில் மூட்டைமேல் இருந்த புறாக்கள் பறந்துவிட்டன.

ஞாயிற்றுக்கிழமை வந்த அதிகாரி அதிகம் பேசாதவர். இறக்கையைத் தட்டினார், திருகுகளைத் தொட்டார். பலகைக்கு முன்னால் உட்கார்ந்து எல்லாச் சுவிட்சுகளையும் ஒவ்வொன்றாகப் போட்டார். காம்பஸையே ஒரு நிமிஷம் பார்த்தார். பலகைக்குப் பின்னால் தலையை நீட்டி, முறுக்கிய ஒயர்களையும் நம்பர் எழுதிய நாடாக்களையும் பார்த்தார். கையெழுத்து நன்றாக இருக்கிறது என்றார். பிறகு தன் கையெழுத்தைப் போட்டார். தென்னை மர உயரத்துக்கு மேலே போகக் கூடாது, ஏரிக் கரையைத் தாண்டக் கூடாது என்பது மட்டும் நிபந்தனை.

இரண்டு நாள் கழித்து, வெயில் ஏறுவதற்கு முன், ஏரிக்கரை முழுக்க ஜனம். என்ஜின் இருமியது, உறுமியது. விமானம் புழுதியைக் கிளப்பிக்கொண்டு ஓடியது. சக்கரத்துக்கும் தரைக்கும் நடுவே முதலில் ஒரு கோடு போல வெளிச்சம் தெரிந்தது. பிறகு அது ஒரு முழம் ஆயிற்று. பிறகு ஒரு தென்னை உயரம். எல்லோரும் கத்தினார்கள். அப்பா மட்டும் சந்திரகலாவின் தோளை அழுத்திப் பிடித்தபடி, மூச்சு விடாமல் நின்றார்.

மூன்று நிமிஷம். அவ்வளவுதான். விமானம் இரண்டு குதி குதித்து இறங்கி நின்றது.

ஜனங்கள் மாலையோடு ஓடினார்கள். ஆதிமூலம் அவர்களை விலக்கிக்கொண்டு, காற்றுக்காகப் போட்டிருந்த கண்ணாடியைக்கூடக் கழற்றாமல், நேரே அப்பாவிடம் வந்தார்.

"எல்லா விளக்கையும் போட்டுக்கிட்டுத்தான் ஓட்டினேன், கோதண்டம். வடக்கு நகரவே இல்ல."

அப்பா கண்ணைத் துடைத்துக்கொண்டார். "அதை ஏன்டா எங்கிட்ட சொல்ற?" என்று சந்திரகலாவை முன்னால் தள்ளிவிட்டார்.

ஆதிமூலம் மாமா கண்ணாடியைக் கழற்றினார். அவள் உயரத்துக்குக் குனிந்து, மேலே போனது, திரும்பியது, இறங்கியது எல்லாவற்றையும் முதலிலிருந்து, ஒன்றுகூட விடாமல் அவளிடம் சொன்னார்.