லியுபாவின் இருக்கை

காரில் ஓட்டுபவருக்குப் பக்கத்து இருக்கை மறுபடியும் முன்னால் வந்திருந்தது. நெவென்கா ஏறி உட்கார்ந்ததும் முழங்கால்கள் டாஷ்போர்டில் இடித்தன. அவள் நல்ல உயரம். நேற்றுத்தான் இருக்கையைக் கடைசிவரை பின்னுக்குத் தள்ளியிருந்தாள். கணவன் டாமிரின் முதல் மனைவி லியுபாதான் குள்ளம். அவள் செத்து ஆறு வருடமாகிறது.

"இதுல யாரு உக்காந்தா?"

"யாரும் இல்ல. பழைய வண்டி, தானா நழுவும்."

"நிக்கிற வண்டி எப்படி நழுவும்?"

டாமிர் சிரித்தான். "காரைப் பாத்துப் பொறாமைப்படுறவ இந்த ரியேகா ஊர்லயே நீ ஒருத்திதான்."

பொறாமைதான். லியுபாவோடு தேன்நிலவு போன கார் அது. சனிக்கிழமைதோறும் மெல்லிய துணியால் அதைத் துடைப்பான். கதவு, விளக்கு, கைப்பிடி என்று அவன் விரல்கள் போகும் பதத்தில் நெவென்காவின் தோளை ஒருநாளும் தொட்டதில்லை. குளிர்காற்று உள்ளே வருகிறது, உதிரிபாகம் கிடைப்பதில்லை, விற்றுவிட்டுப் புதிது வாங்கலாம் என்று நான்கு வருடமாகச் சொல்கிறாள். தலையாட்டுவான். அடுத்த சனிக்கிழமை துணியை எடுத்துக்கொண்டு போய்விடுவான்.

நவம்பரில் ஒரு மழைச் சாயங்காலம், சாப்பிடக் கூப்பிடலாம் என்று வீட்டுக்கடியிலிருந்த கார் கொட்டகைக்கு அவள் இறங்கினாள். ஈரச் சுவரின் வாடையும் பெட்ரோலும் பழைய தோலுறையின் புளித்த நெடியும் படிக்கட்டிலேயே மூக்கில் ஏறின. அவற்றுக்கடியில், யாரோ அப்போதுதான் உரித்தது போல, மாண்டரின் ஆரஞ்சுத் தோலின் வாசனை. கதவுக்கு அந்தப் பக்கம் டாமிர் தணிந்த குரலில் ஏதோ சொன்னான். நிறுத்தினான். ஒருவர் பதில் சொல்லி முடிக்கும் அளவுக்கு மௌனம். பிறகு சிரித்தான். அப்படியொரு சிரிப்பு அவனிடம் இருப்பதே அவளுக்குத் தெரியாது.

திரும்பிவிடலாம் என்றது பயம். பொறாமை கதவைத் திறந்தது.

ஸ்டியரிங் முன்னால் அவன் மட்டும்.

"யார்கூடப் பேசிட்டிருந்த?"

"நாங்க முடிவு பண்ணிட்டோம். வித்துடலாம். புதுசு வாங்கிடலாம்."

'நாங்க' என்றது அவளுக்கு உறைத்தது. ஆனாலும் காரியம் ஆனால் சரி என்று வாயை மூடிக்கொண்டாள்.

இத்தாலியின் ட்ரியெஸ்தே நகரத்திலிருந்து ஒரு பல் டாக்டர் வந்து காரை வாங்கிப் போனார். சரிவில் அது மறையும்வரை நின்று பார்த்த நெவென்கா, "போய்த் தொலை" என்று முணுமுணுத்தாள். டாமிர் முகத்தில் வருத்தமே இல்லை. பசிக்கிறது என்றான்.

புதிய கார் சாம்பல் நிறம். சத்தமே போடாது. அதன் முதல் பயணம் கடலோரச் சாலையில், இருட்டும் நேரத்தில். நெவென்கா காலை நன்றாக நீட்டி உட்கார்ந்தாள். இனி எல்லாம் தன்னுடையது என்று தோன்றியது.

டிங்.

டாஷ்போர்டுத் திரையில் பின் இருக்கையின் படம். அதில் பெல்ட் எச்சரிக்கையாக ஒரு சிவப்புப் புள்ளி.

டிங். டிங்.

"பின்னாடி என்ன வச்சிருக்க?"

"ஒண்ணும் இல்லியே."

திரும்பிப் பார்த்தாள். காலி. கறுப்புத் தோலுறை. அதன் நடுவில் ஒரு பள்ளம். பார்த்துக்கொண்டிருக்கும்போதே இன்னும் கொஞ்சம் அமுங்கியது.

டிங். டிங். டிங்.

"பெல்ட்டைப் போட்டுக்கோ, செல்லம்" என்றான் டாமிர். எத்தனை கனிவு. நான்கு வருடமாக அவள் ஏங்கிய குரல்.

"போட்டுட்டேனே..."

அவன் அவளைப் பார்க்கவில்லை. பின் இருக்கையைக் காட்டும் மேல் கண்ணாடியைப் பார்த்துப் புன்னகைத்துக்கொண்டிருந்தான்.

பின்னால் பெல்ட் உருவப்படும் சத்தம். மெதுவாக. நீளமாக. ஒரு கிளிக்.

எச்சரிக்கை மணி நின்றது.